மழைக்காலத்திலும் வானத்தைப் படம் பிடிக்கலாம்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், டிசம்பர் வரை தமிழகக் கடலோரத்தில் தெளிந்த இரவு கிடைப்பது அரிது. வானப் படக்கலையில் தேர்ந்து அதை ஒரு பிழைப்பாகவும் ஆக்க நினைப்பவர்கள், அந்த மாதங்களில் கருவிகளை மூட்டை கட்டி வைத்துவிடக் கூடாது.

முதலில் சூரியன். மேக இடைவெளியில் சில நொடிகள் தலைகாட்டினாலே போதும். தனிப் படமாக எடுக்காமல் வீடியோவாகப் பிடியுங்கள். ஆயிரம் ஃபிரேம்களில் தெளிவான நூறை மட்டும் பொறுக்கி, ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். சூரியப் புள்ளிகளின் விளிம்பு அப்போதுதான் துலங்கும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மெல்லிய மேகம் சூரியனை மங்கலாக்கும்போது தொலைநோக்கியின் முன் பொருத்திய சூரிய ஃபில்டரைக் கழற்றலாமே என்று கை துறுதுறுக்கும். கழற்றவே கூடாது! மேகம் விலக ஒரு நொடி போதும். தொலைநோக்கி குவிக்கும் ஒளி கண்ணையும் சென்சாரையும் பொசுக்கிவிடும். குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டரையும் மூடியே வையுங்கள்.

இரவில், மழை விட்டுத் தூசி அடங்கிய வானம் நெபுலாக்களுக்கு ஏற்றது. லேசான மூட்டத்தோடு காற்று அசையாத இரவு வந்தால் வீணென்று ஒதுக்காதீர்கள். நிலவுக்கும் வியாழனுக்கும் பல சமயம் அதுவே நல்ல இரவு. லென்ஸில் பனி படியாமலிருக்க ஹீட்டர் பட்டையும், பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும் அவசியம்.

வானம் முழுக்க மூடிவிட்டதா? டார்க் ஃபிரேம் எடுங்கள். லென்ஸை மூடி, வழக்கமான அதே ஐஎஸ்ஓ, அதே எக்ஸ்போஷர், ஏறக்குறைய அதே வெப்பநிலையில் இருபது முப்பது எடுத்து வைத்தால், சென்சாரின் சூட்டுப் புள்ளிகளைப் பிறகு கழித்துவிடலாம். தூசி நிழலையும் ஓர இருட்டையும் நீக்க உதவும் ஃப்ளாட் ஃபிரேமை இப்படித் தள்ளிப்போட முடியாது. படம் எடுத்த கையோடு, கேமராவைத் திருப்பாமல், ஃபோகஸ் மாற்றாமல் எடுத்தாக வேண்டும்.

வானப் படத்தை மட்டும் நம்பி வாழ்வது கடினம். படச் செயலாக்கம் கைவந்தவருக்கோ கோளரங்கம், அறிவியல் மையம், மென்பொருள் துறை என்று வழிகள் உண்டு. நாசாவின் எஸ்டிஓ விண்கலம் 2010 முதல் எடுக்கும் சூரியப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023இல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 தரவுகள் இஸ்ரோவின் பிரதான் தளத்தில் உள்ளன. மழை நாளில் அவற்றை இறக்கி, பைத்தானில் திறந்து பழகுங்கள்.

எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் தேதி, நேரம், எக்ஸ்போஷர், மேகநிலை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்றும் ஆய்வுக்கு உதவுவது, எது எந்த நாளில் எடுத்தது என்ற பதிவு இருப்பதால்தான்.