வெட்டிய தார் காத்திருக்காது

அன்புள்ள மருமகனுக்கு,

ஐப்பசியிலிருந்து களக்காட்டு வாழை மண்டியை நீயே பார்க்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். எடையும் விலையும் உனக்குத் தெரியும். கடை ஒரு வாரம் முடங்கினால் என்ன செய்வது? மாமாவின் கடிதம் அதைப் பற்றி மட்டுமே.

2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகை அது. மழை வெள்ளத்தில் ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை, அவ்வளவுதான். தொழில் நிற்பதற்குக் கடைக்குள் தண்ணீர் வர வேண்டும் என்பதே இல்லை.

நம் பக்கத்தில் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. எல்லோரையும் மீட்டு முடிக்க 19-ஆம் தேதி ஆனது. ஏரல் பக்கம் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. சிக்னல் போனால் ஜிபேயும் போச்சு. சுமைக்கூலிக்கும் டீசலுக்கும் மூன்று நாள் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

உன் சரக்குதான் பெரிய சிக்கல். வெட்டிய ஏத்தன் தார் மண்டியிலேயே பழுத்துவிடும். வெட்டாமல் விட்டால் காற்றில் மரமே சாயும். சிவப்பு எச்சரிக்கை வந்த பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் சண்டையில்தான் முடியும். எந்தத் தோட்டத்தில் முதலில் வெட்டுவது, விற்காமல் போனால் நட்டம் யாருக்கு எவ்வளவு என்று விவசாயிகளிடம் இப்போதே பேசி எழுதி வை. கேரளாவுக்கு நாகர்கோவில் வழி அடைத்தால் தென்காசி, ஆரியங்காவு வழி உண்டு. இரண்டு பக்கத்து லாரிக்காரர் எண்களும் தாளில் இருக்கட்டும். போனில் மட்டும் இருந்தால் போனோடு போய்விடும்.

டேலி கணக்கை பென் டிரைவில் எடுத்து அதே மேசைக்குள் போட்டு வைப்பவர்கள் உண்டு. எதற்கோ! ஒரு நகல் இணையத்தில், இன்னொன்று மதுரையில் உன் தங்கை வீட்டில். மாதம் ஒரு தடவை அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார். திறக்காத நகலை நம்பாதே. ஜெனரேட்டரை மேடை கட்டி ஏற்று. கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குப் புகுஷிமா தெரியாததா? 2011 சுனாமியில் அங்கே கீழ்த்தளத்து ஜெனரேட்டர்கள் மூழ்கிய பிறகுதான் உலை கைமீறியது.

5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி இருக்கிறது. வெள்ளச் சேதம் அதில் அடக்கம். ஆனால் கடை மூடிக் கிடந்த நாட்களின் லாபத்தை அது தராது. அதற்குத் தனிக் காப்பீடு. உன் பாலிசியில் தராசு, ஜெனரேட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேட்டு, புரட்டாசி முடிவதற்குள் மாமாவுக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
மாமா