சோதனைக்குழாயில் சடாமாஞ்சில்

மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தாவரவியலில் திசு வளர்ப்பை நடத்தும்போது வாழை, கரும்பு என்று பழகிய எடுத்துக்காட்டுகளோடு நிறுத்திக்கொள்கிறோம். சில ஆண்டுகளாக நான் சடாமாஞ்சிலையும் சேர்த்துக்கொள்கிறேன். கூந்தல் தைலத்துக்காக நாட்டு மருந்துக் கடையில் வாங்கும், நார் சுற்றிய பழுப்பு நிறப் பொருள்தான். ஒரு சிறு துண்டை வகுப்பில் கைமாற்றி முகரச் சொன்னால் பாடம் மனத்தில் நிற்கிறது. (ஒரு துண்டே போதும், ஏன் என்பது கீழே.)

இது நம் ஊரில் விளைவதன்று. இமயமலையில் ஏறத்தாழ 3000 முதல் 5000 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த சரிவுகளில் வளரும் சிறு செடி. ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடப்பதால் வளர்ச்சி மிக மெதுவானது. மணமோ மண்ணுக்கடியிலுள்ள தண்டிலும் வேரிலும் இருக்கிறது. ஆகவே எடுப்பவர் செடியையே பிடுங்கிவிடுகிறார். 1997 முதல் இதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்பாட்டின்கீழ் கட்டுப்படுத்தப்படுகிறது. கடுகுரோகிணிக்கும் ஏறக்குறைய இதே நிலைதான்.

இத்தகைய செடிகளை ஆய்வகத்தில் பெருக்க முடிகிறது. தண்டு நுனியைக் கிருமி நீக்கி, உப்புகள், சர்க்கரை, வைட்டமின்கள், அகார் கலந்த ஊடகத்தில் வைக்கிறார்கள். 1962இல் முராஷிகி, ஸ்கூக் இருவரும் வெளியிட்ட ஊடகமே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. சைட்டோகைனின் மிகுந்தால் தண்டுகள் கிளைக்கும். ஆக்சின் மிகுந்தால் வேர் விடும். ஒரு தண்டு மாதந்தோறும் நான்காகிறது என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் எத்தனை? எட்டாம் வகுப்பு மாணவர்கூட அடுக்குக்குறி கொண்டு 4096 என்று சொல்லிவிடுவார்.

அந்த 4096 செடிகளும் ஒரே செடியின் நகல்கள். இதை நன்மைகளின் பட்டியலில் மட்டும் எழுதவைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆல்ப்ஸ் மலையின் ஈடல்வைஸை அலங்காரத்துக்காகத் தொட்டியில் விற்பவருக்கு எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே பூ என்றிருப்பது வசதி. ஓசூர்ப் பகுதிப் பசுமைக்குடில்களில் ஜெர்பரா வளர்ப்போரும் அதையே விரும்புவர். மலைச்சரிவில் திரும்ப நடுவதற்கோ அதே ஒற்றுமை ஆபத்து. ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். ஆகவே பாதுகாப்புக்காகப் பெருக்கும்போது பல இடங்களின் விதைகளிலிருந்து, பல தாய்ச்செடிகளிலிருந்து தொடங்க வேண்டும். கேலஸ் வழியாக வளர்க்கும்போது சில வேளை மரபு மாற்றங்கள் தோன்றும். பூ வணிகருக்கு அது புதிய வகையாகலாம். காட்டினத்தைக் காப்பவர் அதைத் தவிர்க்கவே பார்ப்பார். “ஒரே தொழில்நுட்பம், யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை?” என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பிள்ளைகளும் வாய் திறப்பார்கள்.

பாடநூல் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் வன்மையாக்கல்தான் உண்மையில் கடினமான கட்டம். குப்பிக்குள் காற்று ஈரமானது. சர்க்கரை தயாராகக் கிடைக்கிறது. அங்கு வளர்ந்த இலையில் மெழுகுப்பூச்சு மெலிந்திருக்கும், இலைத்துளைகளும் சரியாக மூடாது. வெளியே எடுத்ததும் வாடிவிடும். மலைக்குப் போகும் செடிக்கோ பலத்த காற்று, கடும் வெயில், உறைபனி எல்லாம் காத்திருக்கின்றன.

இதை ஆய்வகம் இல்லாமலே காட்டலாம். இரண்டு கோப்பைகளில் புதினாத் தண்டுகளை நட்டு, பாலித்தீன் பைகளால் மூடி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு ஒன்றின் பையை ஒரேயடியாக அகற்றுங்கள். மற்றதை முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று திறந்துவாருங்கள். பைக்குள் புதிதாய் விட்ட தளிர்களை மாணவர்கள் நாள்தோறும் குறித்துவரட்டும். மழைக்காலத்தில் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செய்வது நல்லது.