விதையை எண்ணிப் பார்ப்போம்

இடம்பெயர்ந்தபோது சாக்கில் கட்டிக் கொண்டுவந்த கௌப்பி விதை இனி முளைக்குமா? கையால் அளைந்து பார்த்துச் சொல்ல இயலாது, எண்ணித்தான் அறியலாம்.

பத்து விதையை நனைத்து, பத்தும் முளைத்தால் மகிழ்ந்துவிடுகிறோம். ஆனால் நூற்றுக்கு 80 மட்டுமே முளைக்கக்கூடிய விதையைப் பத்துப் பேர் இப்படிச் சோதித்தால், ஏறக்குறைய ஒருவருக்குப் பத்துமே முளைத்துவிடும். எனவே 100 விதை எடுப்போம். சாக்கின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுக்கவேண்டும். திரட்சியானதைப் பொறுக்கினால் எம்மையே ஏமாற்றுகிறோம். ஈரச் சாக்குத் துண்டில் பரப்பிச் சுருட்டி, நிழலில் காயாமல் வைத்து, எட்டாம் நாள் எண்ணுவோம்.

60 முளைத்தது என்று வைத்துக்கொள்வோம். (மறுமுறை 55 அல்லது 65 வந்தாலும் வியப்பில்லை.) குழிக்கு ஒரு விதை இட்டால் 100 குழியில் 40 வெறுமையாகும். இரண்டு இட்டால், அந்த 40 குழியிலும் இரண்டாவது விதை நூற்றுக்கு 40 வீதம் தவறும். ஆகவே 16 குழியே வெறுமை. மூன்று இட்டால் 6 அல்லது 7. பாடசாலையில் நிகழ்தகவு என்று பிள்ளைகள் படிப்பது இதுதான்.

ஒரே சாக்கு விதையுள்ள குடும்பம் இரண்டுடன் நிறுத்தி, மிச்சத்தை வெற்றுக் குழிகளுக்கு வைத்திருப்பதே நன்று என எண்ணுகிறோம். மழை பிந்தினால் மீண்டும் விதைக்கவும் அதுதான் உண்டு.

நீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் இக்கணக்குச் செல்லாது. அங்கே ஒரு குழியின் விதைகள் யாவும் சேர்ந்தே அழுகும்.