கல்லீரலில் தேங்கும் சரக்கு

வணிகப் பெருமக்களே! வரத்து மிகுந்து விற்பனை குறைந்தால் கிடங்கு நிரம்பிவிடும் என்பது நாம் அறிந்ததே. நம் உடம்பில் கல்லீரலும் அப்படி ஒரு கிடங்குதான். உண்டது செலவாகாமல் மிஞ்சும்போது, அதில் ஒரு பகுதி கொழுப்பாக மாறிக் கல்லீரலில் தங்குகிறது. அது 5 சதவீதத்தைத் தாண்டினால் 'கொழுப்புக் கல்லீரல்' என்கிறார்கள்.

இது குடிப்பவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. மதுவைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்திருக்கிறோம். வருகிறவர்களோடெல்லாம் டீ குடிக்கிறோம். கடை அடைத்த பிறகு வயிறு நிறைய உண்டு, உடனே படுக்கிறோம். ஒரு டீக்கு 10 கிராம் சர்க்கரை என்றால், தினம் 6 டீக்கு 60 கிராம். மாதக் கணக்கில் 1 கிலோ 800 கிராம்!

இந்நோயில் பெரும்பாலும் வலி இராது. ஆனால் கவனியாது விட்டால் சிலருக்கு அழற்சி, தழும்பு, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் என முற்றக்கூடும். மத்திய அரசும் 2021-ல் இதனைத் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது.

யார் சோதித்துக்கொள்ள வேண்டும்?

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் டாக்டரைக் கலந்து வயிற்று ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் கொழுப்பு இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

1. உடல் பருமன் உள்ளவர்கள் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரல் நன்கு தேறும். 80 கிலோ உள்ளவருக்கு இது சுமார் 6 முதல் 8 கிலோ. பட்டினி கிடந்து வேகமாகக் குறைப்பது கெடுதல். வாரம் அரை கிலோ போதும்.

2. கடை திறக்கும் முன் 30 நிமிடம், வாரம் 5 நாள் வேகமாக நடக்கவும்.

3. டீயில் சர்க்கரையை நிறுத்தவும். குளிர்பானம், எண்ணெய்ப் பலகாரம் குறைக்கவும். இரவு உணவை முன்னதாக, அளவாக உண்ணவும்.

4. மதுவை அடியோடு விடவும். விளம்பரம் பார்த்து மருந்து வாங்க வேண்டாம்.

ஆண்டுதோறும் கடையில் இருப்பு எடுக்கத் தவறுவதில்லை. அதே வாரத்தில் நம் உடம்புக்கும் ஒரு நாள் ஒதுக்குவோம்.