ஏறும் படி

வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மிகலாகாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் வரையறை. தொடர்வண்டிப் பெட்டியின் தளமோ தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. உயர்ந்த நடைமேடையின் உயரம் 76 முதல் 84 சென்டிமீட்டர் வரை. எஞ்சிய அரை மீட்டரளவு உயரத்தைப் பெட்டியின் படிகளில் ஏறியே கடத்தல் வேண்டும். தாழ்ந்த நடைமேடையில் ஏற்றம் இன்னும் மிகுதி.

விடுமுறைக்கு ஊர் செல்லும் சிறுவர்க்கு இஃது எளிது. முழங்கால் வலியுடைய பாட்டிக்கு அரிது. வண்டி முற்றிலும் நின்றபின், இரு கைகளாலும் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றி, அவர் மெல்ல ஏறுதல் வேண்டும். ஆகவே, அவரது பையை முன்னரே வாங்கிக்கொள்வது பேரப்பிள்ளைகளின் கடமை.

சொற்பொருள்: எஞ்சிய – மீதமுள்ள, அரிது – கடினமானது, பற்றி – பிடித்து.

வினா: பாட்டியின் பையை முன்னரே வாங்கிக்கொள்வது ஏன்?