உறையிலிருந்து எழுந்த வீணை

கேள்வி: குழந்தைகளை வளர்ப்பதில் 12 வருஷங்கள் வீணையைத் தொடாமலே இருந்துவிட்டேன். மறுபடியும் வாசிக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: சகோதரி, உறையைக் கழற்றியதும் பழைய வர்ணமொன்றை வாசித்துப் பார்க்கத்தான் மனம் துடிக்கும், அதற்குச் சற்றே பொறுத்து, முதலில் வாத்தியத்தைக் கவனியுங்கள். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை ஆதலால், பல கோடைகளைக் கண்ட மெழுகு இளகி அவை ஸ்தானம் பிசகியிருக்கலாம். அத்தகைய வீணையில் எவ்வளவு சிரத்தையோடு வாசித்தாலும் ஸ்வரம் சுத்தமாகப் பேசாது என்பதை அறியாமல், குற்றம் தம் விரலில்தான் என்று எண்ணி மனம் சோர்ந்து, வீணையை மீண்டும் உறையிலிட்டவர்கள் உண்டு. மெழுகு வைத்து மேளம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செப்பனிட்டு, வாசிப்புத் தந்தி நான்கையும் தாளத் தந்தி மூன்றையும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு விரல். இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அந்நாளில் ஏறியிருந்த காய்ப்பு இப்போது மறைந்திருக்கும். ஆகவே, தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும் பிரயாசையை ஒத்திவைத்து, மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசையை முதற்காலத்தில், நாளொன்றுக்குக் கால்மணி நேரம் மட்டும் வாசித்து வாருங்கள், வலித்தால் நிறுத்திவிடுங்கள். குழந்தைப் பாடமாயிற்றே என்ற கூச்சம் சிறிதும் வேண்டாம். அப்பியாசம் இவ்வாறு நடந்துவருகையில், நினைவுக்கு எட்டாத வர்ணத்தின் ஒரு சிட்டை ஸ்வரம் விரல்களில் தானே ஊறிவரும் நாளொன்று உண்டு. அன்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.