கயல்விழிக்கு, கிண்டில் வாங்கும் முன்

அன்புள்ள கயல்,

பரிசுப் பணத்தில் கிண்டில் வாங்கலாமா, போனிலேயே படித்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். தயங்காமல் வாங்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். உள்ளே நடக்கிற வேலை வேறு.

போன் திரை தானே ஒளி வீசுவது. அதில் படிப்பது விளக்கையே உற்றுப் பார்ப்பதற்குச் சமம். கிண்டில் திரையில் தலைமுடிப் பருமனே உள்ள குமிழ்கள் நெருக்கமாகப் பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் தெளிந்த திரவத்தில் மிதக்கின்றன. இரண்டுக்கும் மின்னூட்டம் எதிரெதிர். அடியிலுள்ள மின்புலம் மாறினால் கறுப்பு மேலே வந்து எழுத்தாகும், வெள்ளை மேலே வந்து தாளாகும். வந்த துகள் வந்த இடத்திலேயே நிற்பதால், முன்விளக்கை அணைத்துவிட்டால் திரைக்குப் பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வருவது இதனால்தான். உச்சி வெயிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்தால் போன் திரை மங்கிவிடும். இதில் எழுத்து இன்னும் துலக்கமாகத் தெரியும். கிண்டில் வந்தது 2007இல். இதே வகைத் திரையோடு சோனி 2004லேயே ஜப்பானில் ஒரு கருவியை விற்றது.

உன் அப்பாயியைப் பார். கண்புரை வந்த பிறகு பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களும் அலமாரியில்தான் கிடந்தன. எழுத்தும் பொடி, புத்தகமும் கனம். இப்போது ஒரு திரைக்குப் பத்து வரிகூட வராத அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, ஒரே கையில் பிடித்தபடி, வந்தியத்தேவனோடு போய்க்கொண்டிருக்கிறார். அச்சிட்ட தாளால் இதைச் செய்ய முடியாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

உனக்கு இன்னொன்றும் உண்டு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள். முதலில் ஏறியது திருக்குறள். இன்று சங்க நூல்கள், காப்பியங்கள், பாரதி, கல்கி எல்லாம் அங்கே இலவசம். நல்ல புத்தகக் கடைக்கே பஸ் ஏற வேண்டிய ஊரில் இருக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சொத்து! ஆங்கில நாவல் படிக்கும்போது புரியாத சொல்லைத் தொட்டால் பொருள் அங்கேயே வந்துவிடும்; அகராதி தேடி எழ வேண்டாம். வாட்ஸ்அப் வந்து குறுக்கிடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

படங்கள் நிறைந்த நூலுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் தாள்தான் நல்லது. காசு கொடுத்து வாங்கும் மின்னூலிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். 2009இல் உரிமைச் சிக்கல் காரணமாக, ஆர்வெல்லின் ‘1984’ஐ வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது என்றாலும், நீயாகப் பதிவிறக்கும் கோப்புகளுக்குக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்.

பதிவிறக்கும்போது பெரிய தாளுக்கென்று செய்த பிடிஎஃப் வேண்டாம்; சின்னத் திரையில் எழுத்து எறும்பாகிவிடும், பெரிதாக்கினால் வரி வெளியே ஓடும். இபப் கோப்பாக எடு. முதலில் குறுந்தொகையை ஏற்று. லீவுக்கு வரும்போது கருவியைக் கொண்டு வா, மிச்சத்தைச் சேர்ந்தே தேடுவோம்.

அன்புடன்,
உன் அத்தை